ஆங்கில வினைச்சொற்களின் இரண்டு பூர்வீகம்: வேரைப் பிடித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பீ, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ, கம், திங்க், லுக், வான்ட், கிவ், யூஸ், ஃபைண்ட், டெல், ஆஸ்க், வொர்க், சீம், ஃபீல், ட்ரை, லீவ், கால்.

ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் இந்த 25 வினைகளைத் தொடாமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. இவற்றில் பிரெஞ்சு வழியாகவோ லத்தீன் வழியாகவோ வந்தவை எத்தனை? ஊகித்துவிட்டு மேலே படியுங்கள். இரண்டே இரண்டுதான்: 'யூஸ்', 'ட்ரை'. மீதி 23 சொற்களும் ஜெர்மன், டச்சு போன்ற மொழிகள் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்போது ஏதாவது ஓர் அலுவலகக் கடிதத்தை எடுங்கள். ரிக்வெஸ்ட், கன்ஃபர்ம், சப்மிட், அப்ரூவ், ப்ரொசீட், டெர்மினேட். அத்தனையும் லத்தீன் வம்சம். ஒரே மொழி என்று நினைத்து நாம் இரண்டு மொழிகளைச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டு ஆங்கிலம் ஒன்று, மேடை ஆங்கிலம் ஒன்று. இந்தப் பிளவு கண்ணில் பட்டுவிட்டால், தனித்தனியாக மனப்பாடம் செய்த நூற்றுக்கணக்கான வினைகள் சில டஜன் வேர்களாகச் சுருங்கிவிடும். தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. 'எதிர்பார்', 'முன்வை', 'மேற்கொள்' என்று நாம் வினையைக் கட்டுகிற அதே முறையில்தான் லத்தீனும் கட்டியது. இந்த வழிகாட்டியின் மையம் அதுதான். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

படி 1: யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற இனக்குழுக்கள் வடகடலைத் தாண்டிப் பிரிட்டனில் குடியேறின. அவர்கள் பேசிய ஜெர்மானியப் பேச்சுதான் பழைய ஆங்கிலம். ஈட், ட்ரிங்க், ஸ்லீப், சிட், ஸ்டாண்ட், சிங், ஃபைட் எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. உடம்பால் செய்கிற காரியங்களுக்கெல்லாம் இன்றுவரை பெரும்பாலும் அவர்கள் சொல்தான்.

அடுத்து வந்தவர்கள் வைக்கிங்குகள், ஸ்காண்டிநேவியக் கடலோடிகள். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியதில் தொடங்கியது கதை; போகப்போக அவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியும் ஜெர்மானியம்தான், அதாவது பழைய ஆங்கிலத்துக்குப் பங்காளி. அந்நியனிடமிருந்து ஒரு மொழி பொருட்களின் பெயரைக் கடன் வாங்கும். பங்காளியிடமிருந்துதான் அன்றாட வினையையே வாங்கும். டேக், கெட், கால், வான்ட், சீம், ஹிட், ரெய்ஸ், டை ஆகியவை நார்ஸ் வரவு. 'கிவ்' ஏற்கெனவே இருந்த சொல்தான், ஆனால் அதன் முதல் ஒலி யகரமாக இருந்தது; இன்றைய 'கி' நார்ஸ் செல்வாக்கு.

இடம் இழந்த பழைய சொற்கள் என்னவாயின என்று பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 'எடு' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'நிமன்' என்ற வினை இருந்தது; ஜெர்மனில் இன்றும் 'நேமன்'. 'டேக்' வந்ததும் அது செத்துவிட்டது. ஆனால் எலும்பு ஒன்று மிச்சம்: மரத்துப்போவதைக் குறிக்கும் 'நம்' என்ற சொல். உணர்வு 'எடுக்கப்பட்டுவிட்டது' என்று பொருள். சாவதற்கு இருந்த சொந்தச் சொல் 'ஸ்டெயோர்ஃபன்'. நார்ஸ் மொழியின் 'டை' அதன் இடத்தைப் பிடித்தது. பழையது 'ஸ்டார்வ்' என்று குறுகி, பட்டினி கிடப்பதற்கு மட்டும் ஒதுங்கிக்கொண்டது. 'வான்ட்' நார்ஸில் 'இல்லாமல் இரு' என்றுதான் பொருள்பட்டது. இல்லாதவனுக்குத்தானே வேண்டும்!

1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றார். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. பிரெஞ்சு என்பது லத்தீனின் மகள். ஆளுகிறவர்கள் வாயில் புழங்கிய வினைகள் இறங்கி வந்தன: கமாண்ட், ஒபே, ஜட்ஜ், பனிஷ், சர்வ், பே. இந்த 'பே' லத்தீனில் 'சமாதானப்படுத்து' என்ற வினை. கடன் கொடுத்தவனைச் சமாதானப்படுத்துவதுதான் பணம் கட்டுவது. 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு.

கடைசி அலை புத்தகத்தின் வழியே வந்தது. 1476-இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாகவே சொற்களை அள்ளினார்கள்: இன்வெஸ்டிகேட், டெமான்ஸ்ட்ரேட், கால்குலேட். கடைசிச் சொல்லுக்குள் இருப்பது லத்தீனின் 'கால்குலுஸ்', அதாவது கூழாங்கல். கல்லை நகர்த்திக் கணக்குப் போட்ட காலத்தின் சாட்சி. இந்த வெள்ளத்தைப் பார்த்து எரிச்சல் அடைந்தவர்களும் உண்டு. ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பில்லாமல் தூய்மையாக எழுத வேண்டும் என்று 1557-இல் ஜான் சீக் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதினார். அவர் அதற்குப் பயன்படுத்திய 'ப்யூர்' என்ற சொல்லே லத்தீன் வழி வந்தது. தனித்தமிழ் வாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான காட்சி அல்ல.

படி 2: அகராதி இல்லாமல் அடையாளம் காணுங்கள்

முதல் சோதனை, இறந்தகாலம். உயிரொலி மாறுகிறதா என்று பாருங்கள். சிங்–சாங்–சங், ட்ரைவ்–ட்ரோவ், ஸ்பீக்–ஸ்போக், ஃபைண்ட்–ஃபவுண்ட். இப்படி வயிற்றுக்குள் மாறுகிற வினை கிட்டத்தட்ட எப்போதும் ஜெர்மானியம்தான். லத்தீன் வினைகள் விருந்தாளிகள். 'எட்' விகுதியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடந்துகொள்ளும். விதிவிலக்கு மிகச் சில: பிரெஞ்சிலிருந்து வந்த 'ஸ்ட்ரைவ்' ஊரோடு ஒத்து 'ஸ்ட்ரோவ்' ஆனது, 'கேட்ச்' 'காட்' ஆனது.

இரண்டாவது, எழுத்து. ஒலிக்காத 'கே' முன்னால் நிற்கும் நோ, நீல், நிட்; ஒலிக்காத 'டபிள்யூ' நிற்கும் ரைட், ரிங்; இடையில் 'ஜி-எச்' ஒளிந்திருக்கும் தாட், லாஃப்; 'டி-எச்' ஒலியில் தொடங்கும் திங்க், த்ரோ, தேங்க். எல்லாம் ஜெர்மானியம். மாறாக 'வி' எழுத்தில் தொடங்கும் வினை என்றால் கண்ணை மூடிக்கொண்டு லத்தீன் பக்கம் போடலாம்: விசிட், வேரி, வேனிஷ், வோட்.

மூன்றாவது, முன்னும் பின்னும் ஒட்டியவை. 'பி', 'ஃபர்', 'வித்', 'அண்டர்', 'ஓவர்' என்று தொடங்கும் பிகம், ஃபர்கெட், வித்ஸ்டாண்ட், அண்டர்டேக், ஓவர்கம் இந்தப் பக்கம். 'ரீ', 'டி', 'கான்', 'எக்ஸ்', 'ப்ரோ', 'ட்ரான்ஸ்' அந்தப் பக்கம். விகுதியில் 'அன்' என்று முடியும் ஷார்ட்டன், வைடன் ஜெர்மானியம். 'ஏட்', 'ஃபை' என்று முடிபவை லத்தீன். ஃபினிஷ், பனிஷ், அபாலிஷ் போல 'இஷ்' என்று முடிபவை பிரெஞ்சு. ஆனால் 'விஷ்', 'வாஷ்' போன்ற ஓரசைச் சொற்களில் அது விகுதியே அல்ல, வேரின் பகுதி.

சோதனைகள் ஏமாற்றும் இடங்களும் உண்டு. சின்னச் சொல் என்றாலே ஜெர்மானியம் என்று எண்ணிவிடக் கூடாது. கதவின் ஒரு பக்கம் 'புஷ்' என்றும் மறு பக்கம் 'புல்' என்றும் எழுதியிருக்கும் அல்லவா? தள்ளுகிற பக்கம் லத்தீன், இழுக்கிற பக்கம் ஜெர்மானியம். மூவ், க்ரை, கேரி, ஜாயின், சேவ், ஃபெய்ல் எல்லாம் பிரெஞ்சு வழி வந்து உள்ளூர்க்காரர்களாகவே ஆகிவிட்டவை. டர்ன், ஆஃபர், ஸ்பெண்ட் இன்னும் பழையவை. நார்மானியர் வருவதற்கு முன்பே பழைய ஆங்கிலம் லத்தீனிடம் வாங்கியவை. தலைகீழான வழக்கும் உண்டு. 'வெய்ட்' பிரெஞ்சு வழியாக வந்ததுதான், ஆனால் பிரெஞ்சுக்கு அது போனதே ஜெர்மானிய ஃபிராங்க் மக்களிடமிருந்து. வாட்ச், வேக் ஆகியவற்றின் உடன்பிறப்பு. சுற்றிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை. 'அக்னாலெட்ஜ்' பார்வைக்கு மேடை ஆங்கிலம்; உள்ளே இருப்பது 'நோ'.

படி 3: லத்தீன் வினையைத் தமிழ் வினைபோல் பிரித்துப் படியுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு படித்தாலும் நட்டமில்லை.

'எக்ஸ்பெக்ட்' என்ற வினையைப் பிரிப்போம். 'எக்ஸ்' என்றால் வெளியே. பின்பாதி 'பார்' என்று பொருள்படும் லத்தீன் வினை. வருகிறவருக்காக வெளியே பார்த்துக்கொண்டிருப்பது. தமிழில் என்ன சொல்கிறோம்? எதிர்பார். எதிர் என்ற திசை, பார் என்ற வினை. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே படத்தை வரைந்திருக்கின்றன.

இன்னொன்று. 'ப்ரப்போஸ்': முன் என்ற திசையும் வை என்ற வினையும். நம்முடைய 'முன்வை' அதற்கு எழுத்துக்கு எழுத்து நிகர். பிரெஞ்சில் அந்தப் பின்பாதி வேறொரு வினையோடு கலந்து உருமாறியது உண்மைதான். பொருள் மட்டும் லத்தீன் 'போனெரே', அதாவது 'வை'. அதே 'போனெரே' கலப்பில்லாமல் நிற்பது 'போஸ்ட்போன்' என்பதில்: பின் + வை. நாம் 'தள்ளிவை' என்கிறோம்.

'ட்ரான்ஸ்ஃபர்' என்பதில் 'ட்ரான்ஸ்' என்றால் குறுக்கே, அப்பால். 'ஃபெர்ரே' என்றால் சும. இந்த 'ஃபெர்ரே'யின் முடிந்த வடிவம் 'லாத்துஸ்', சுமந்து செல்லப்பட்டது. அதிலிருந்து 'ட்ரான்ஸ்லேட்'. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சுமந்து செல்வது. நம் 'மொழிபெயர்' என்பதில் இருக்கும் 'பெயர்' இடம்பெயர் என்பதில் வரும் அதே வினைதான். நகர்த்துவது.

இப்படித் திசைச் சொற்களை ஒரு கையிலும் வினை வேர்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். திசைகள்: 'ரீ' திரும்ப, பின்னால், 'ப்ரோ' முன்னே, 'கான்' சேர்ந்து, 'டி' கீழே அல்லது விலகி, 'எக்ஸ்' வெளியே, 'இன்' உள்ளே, 'சப்' அடியில், 'இன்டர்' இடையில், 'பெர்' ஊடே, முழுக்க. இவை அடுத்து வரும் எழுத்துக்கேற்ப உருமாறும். 'சப்' என்பது 'சஸ்டெய்ன்' என்பதில் 'சஸ்' ஆகிறது, 'கான்' என்பது 'கலெக்ட்' என்பதில் 'கல்' ஆகிறது. புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேர்களில் முதலில் பிடிக்க வேண்டியது 'காபெரே', கொள் அல்லது பற்று. 'ரிசீவ்' திரும்பக் கொள். 'அக்செப்ட்' தன்பால் கொள், நம் 'ஏற்றுக்கொள்'. 'இன்டர்செப்ட்' இடையில் பற்று, நம் 'இடைமறி'. 'பெர்சீவ்' முழுக்கப் பற்று. தமிழில் 'கொள்' எத்தனை வினைகளுக்கு முதுகெலும்பாக நிற்கிறதோ, உட்கொள், மேற்கொள், புரிந்துகொள் என்று, அத்தனைக்கு லத்தீனில் 'காபெரே' நிற்கிறது. நம்முடைய 'கொள்' பாதி இடங்களில் தேய்ந்து துணைவினை ஆகிவிட்டது. அது வேறு கதை.

'யாசெரே' என்றால் எறி. 'ரிஜெக்ட்' திருப்பி எறி. நாம் 'புறந்தள்ளு' என்கிறோம். 'இன்ஜெக்ட்' உள்ளே எறி, 'எஜெக்ட்' வெளியே எறி, 'ப்ராஜெக்ட்' முன்னே எறி, 'ஆப்ஜெக்ட்' எதிரே எறி. கூட்டத்தில் எழுந்து ஆட்சேபிப்பவர் உண்மையில் குறுக்கே ஒன்றை வீசுகிறார்.

'ஸ்பெசெரே', பார். 'இன்ஸ்பெக்ட்' உள்ளே பார்; 'ரெஸ்பெக்ட்' திரும்பிப் பார், மதிப்புள்ளவரைத்தானே திரும்பிப் பார்ப்போம்; 'சஸ்பெக்ட்' அடியிலிருந்து ஓரக்கண்ணால் பார். 'டெஸ்பைஸ்' என்பதும் இதே குடும்பம்: கீழ்நோக்கிப் பார்.

'தெனெரே', பிடி. 'சஸ்டெய்ன்' அடியிலிருந்து தாங்கிப் பிடி. 'கன்டெய்ன்' சேர்த்துப் பிடி. 'ரிடெய்ன்' பின்னால் பிடித்து வை. 'தூசெரே', நடத்திச் செல்: 'இன்ட்ரொட்யூஸ்' உள்ளே அழைத்து வா, 'ரிட்யூஸ்' பின்னால் கொண்டு போ, 'ப்ரொட்யூஸ்' முன்னே கொண்டு வா. 'மித்தெரே', அனுப்பு, விடு: 'அட்மிட்' உள்ளே விடு, 'பெர்மிட்' ஊடே விடு, 'ட்ரான்ஸ்மிட்' அப்பால் அனுப்பு.

இங்கே ஒரு நுணுக்கம். லத்தீன் வினைக்கு இரண்டு முகங்கள்: நடக்கிற வடிவம், முடிந்த வடிவம். ஆங்கிலம் பல இடங்களில் முதல் முகத்தை வினைக்கும் இரண்டாவதைப் பெயர்ச்சொல்லுக்கும் வைத்துக்கொண்டது. அதனால்தான் ரிசீவ்–ரிசெப்ஷன், பெர்மிட்–பெர்மிஷன், டிஸ்க்ரைப்–டிஸ்க்ரிப்ஷன், ப்ரொட்யூஸ்–ப்ரொடக்ஷன். எழுத்துக்கூட்டலைத் தனித்தனியாக நெட்டுருப் போடுவதை விட இந்த இரட்டை முகத்தைப் பழகுவது எவ்வளவோ சுலபம்.

எல்லா வினையும் இப்படி நேர்மையாக விடை தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'டிசீவ்' என்பதைப் பிரித்தால் 'விலகி + பற்று' என்றுதான் வரும். ஏமாற்று என்ற பொருளுக்கு ஒரு தாவல் தேவை. வேர் ஒரு பிடி கொடுக்கும், அவ்வளவே. பொருளை முழுக்க வேரிலிருந்தே கறக்க முயன்றால் அபத்தத்தில் போய் முடியும்.

படி 4: ஒவ்வொரு லத்தீன் வினைக்கும் வீட்டு ஆங்கிலத்தில் இணை தேடுங்கள்

நம்மில் பலருக்கு ஆங்கிலத்தில் பயமூட்டுவது நீண்ட சொற்கள் அல்ல. 'புட் அப் வித்', 'டர்ன் டவுன்', 'லுக் இன்டு' மாதிரியான துண்டுச் சொற்கள்தான். இவற்றையும் மூன்றாம் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'போஸ்ட்போன்' என்பதற்கு 'புட் ஆஃப்'. 'ப்ரப்போஸ்' என்பதற்கு 'புட் ஃபார்வர்ட்'. 'எஜெக்ட்' என்பதற்கு 'த்ரோ அவுட்'. 'இன்ஸ்பெக்ட்' என்பதற்கு 'லுக் இன்டு'. 'டெஸ்பைஸ்' என்பதற்கு 'லுக் டவுன் ஆன்'. 'சஸ்டெய்ன்' என்பதற்கு 'ஹோல்ட் அப்'. 'எக்ஸ்பெக்ட்' என்பதன் பக்கத்திலேயே 'லுக் அவுட் ஃபார்' நிற்கிறது.

சூத்திரம் இதுதான்: லத்தீன் திசையை முன்னால் ஒட்டுகிறது, ஜெர்மானியம் பின்னால் நிறுத்துகிறது. தமிழ் இந்த விஷயத்தில் லத்தீன் கட்சி. 'வை முன்' என்று நாம் சொல்வதில்லை. அதனால்தான் 'புட் ஆஃப்' நமக்கு அந்நியமாகவும் 'போஸ்ட்போன்' இயல்பாகவும் படுகிறது. நாம் பேசுகிற ஆங்கிலம் கொஞ்சம் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் முன்னால் ஒட்டியது. அந்த முறையின் மிச்சங்கள்தான் அப்ஹோல்ட், வித்ஸ்டாண்ட், அண்டர்டேக். 'வித்' என்பதற்குப் பழைய பொருள் 'எதிராக'. ஆகவே 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நில், லத்தீன் வழி 'ரெசிஸ்ட்' சொல்வதும் அதையே. 'அண்டர்டேக்' நம் 'மேற்கொள்' உடன் பொருந்துகிறது, திசை மட்டும் தலைகீழ். ஆங்கிலேயர் பொறுப்பை அடியில் நின்று எடுத்தார்கள் போலிருக்கிறது.

ஒரு குறிப்பேட்டில் நடுவில் கோடு போட்டு, ஒரு நாளைக்கு மூன்று இணைகள் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். அதிகமாக எழுதினால் மறுநாள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

படி 5: மூன்று அடுக்குகளின் தொனியைக் கேளுங்கள்

பல செயல்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று வினைகள் உண்டு: ஜெர்மானியம், பிரெஞ்சு, நேரடி லத்தீன். 'ஆஸ்க்', 'க்வெஸ்ச்சன்', 'இன்டெராகேட்'. குழந்தை ஆஸ்க் செய்யும், ஆசிரியர் க்வெஸ்ச்சன் செய்வார், காவல் அதிகாரி இன்டெராகேட் செய்வார். 'ரைஸ்', 'மவுண்ட்', 'அசெண்ட்' என்பதிலும் அதே படிக்கட்டு. 'எண்ட்', 'ஃபினிஷ்', 'கன்க்ளூட்'. 'கேதர்', 'அசெம்பிள்', 'காங்ரிகேட்'. மேலே போகப்போகக் குளிர் கூடும்.

தமிழிலும் இரட்டை உண்டு, தொடங்கு–ஆரம்பி, கேள்–விசாரி. ஆனால் நம் படிக்கட்டு அதே திசையில் ஏறுவதில்லை. பேச்சில் 'ஆரம்பிச்சாச்சு' என்கிறோம். அழைப்பிதழில் 'விழா தொடங்கும்' என்று அச்சடிக்கிறோம். வடசொல் சாதாரணம், சொந்தச் சொல் கம்பீரம். ஆங்கிலத்தில் 'பிகின்' சாதாரணம், இரவல் வாங்கிய 'கமென்ஸ்' கம்பீரம். இந்தத் தலைகீழ் உறவு தெரியாவிட்டால், சொந்தச் சொல்தான் உயர்ந்தது என்ற நம் காதின் பழக்கத்தை ஆங்கிலத்தில் தவறாகப் பொருத்திவிடுவோம்.

சமையலறை ஒரு நல்ல பயிற்சிக்களம். 'பேக்' பழைய ஆங்கிலம். 'பாய்ல்', 'ஃப்ரை' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழி. கொதிக்க வைப்பதற்கு முன்பு இருந்த சொந்த வினை 'சீத்'. 'பாய்ல்' வந்து அடுப்பைப் பிடித்ததும் அது மனத்துக்குள் போய்க் கொதிக்கத் தொடங்கியது. இன்று உள்ளுக்குள் பொங்குகிற கோபத்துக்குத்தான் 'சீத்'.

படி 6: இலக்கணத்தில் வேர் எங்கே குறுக்கிடுகிறது என்று பாருங்கள்

'கிவ் மீ', 'டெல் மீ', 'ஷோ மீ', 'செண்ட் மீ' எல்லாம் சரி. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' மட்டும் ஏன் தவறு? எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை; அடித்துத் திருத்தினார்கள், அவ்வளவுதான். காரணம் வேரில் இருக்கிறது. கொடுப்பவை, சொல்பவை ஆகிய வினைகளில், இரண்டு செயப்படுபொருளை இடைச்சொல் இல்லாமல் அடுத்தடுத்து ஏற்பது ஜெர்மானிய வினைகளின் பழக்கம். லத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் 'டு' கேட்கும்: எக்ஸ்ப்ளெய்ன் டு மீ, டிஸ்க்ரைப் டு மீ, சஜெஸ்ட் டு ஹிம், டொனேட் டு தெம். 'ஆஃபர்', 'ப்ராமிஸ்', 'பே' விதிவிலக்குகள். அவற்றின் அழுத்தம் முதல் அசையிலேயே விழுவதைக் கவனியுங்கள். ஒலியில் அவை உள்ளூர்ச் சொற்களைப் போலவே இருக்கின்றன, அந்தச் சலுகை கிடைத்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு முரடன் உண்டு: 'சே' அசல் ஜெர்மானியம், ஆனாலும் 'சே மீ' கிடையாது.

'ரிடர்ன் பேக்', 'ரிபீட் அகெய்ன்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரே மருந்து: 'ரீ' என்பதிலேயே திரும்ப இருக்கிறது. 'அசெண்ட் அப்' என்பதிலும் அதே கூறியது கூறல்.

அழுத்தம் பற்றி ஒரு வரி. ரெகார்ட், பெர்மிட், எக்ஸ்போர்ட், ஆப்ஜெக்ட் போன்ற லத்தீன் இரட்டைச் சொற்களில் பெயர்ச்சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில், வினைக்கு இரண்டாவதில்.

படி 7: விருப்பமிருந்தால், இன்னும் ஆழத்துக்கு

லத்தீனும் ஜெர்மானியமும் அடியில் ஒரே தாயின் பிள்ளைகள். 1822-இல் ஜேக்கப் கிரிம் என்ற ஜெர்மன் மொழியியலாளர் ஓர் ஒழுங்கை விளக்கினார்: சில மெய்யொலிகள் ஜெர்மானியக் கிளையில் முறையாக நகர்ந்திருக்கின்றன. லத்தீனில் 'த' (d) ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ட்' (t): உண் என்ற 'எதெரே', 'ஈட்', உட்கார் என்ற 'செதெரே', 'சிட்'. லத்தீனில் 'ப' (p) இருந்தால் ஆங்கிலத்தில் 'ஃப' (f): 'கம்ப்ளீட்' என்பதன் நடுவே உள்ள லத்தீன் வேரும் 'ஃபில்' என்பதும் உறவு. லத்தீனில் 'ஃப' (f) இருந்தால் ஆங்கிலத்தில் 'ப' (b): 'இன்ஃப்ளேட்' என்பதன் உள்ளே இருக்கும் ஊது என்ற வேருக்கு ஆங்கில உறவினர் 'ப்ளோ'. பலூனை 'இன்ஃப்ளேட்' செய்தாலும் 'ப்ளோ அப்' செய்தாலும் ஊதுவது ஒரே பழைய மூச்சுதான்.

சமஸ்கிருதமும் அதே தாயின் இன்னொரு பிள்ளை. தமிழ் அந்தக் குடும்பமே அல்ல, திராவிடம். ஆனால் சமஸ்கிருதத்திடம் கடன் வாங்கிய சொற்கள் மூலம் நம் வாயிலும் அந்த வேர்கள் புழங்குகின்றன. ஞானம், 'நோ', 'ரெகக்னைஸ்' மூன்றும் ஒரு வேர். 'நோ' என்பதன் முன்னால் ஒலிக்காமல் நிற்கும் 'கே' அதன் தழும்பு. பாரம், சுமப்பதைக் குறிக்கும் 'பேர்', 'ட்ரான்ஸ்ஃபர்' என்பதன் பின்பாதி, மூன்றும் ஒரு வேர். யோகமும் 'ஜாயின்' என்பதும் அப்படியே.

ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹாபெரே' இரண்டுக்கும் பொருள் ஒன்று, உருவமும் இரட்டையர் போல. ரத்த உறவு இல்லை. லத்தீனின் 'க' ஜெர்மானியத்தில் 'ஹ' ஆக வேண்டும் என்ற விதிப்படி 'ஹேவ்' என்பதன் உண்மையான சகோதரன் 'காபெரே', மூன்றாம் படியில் பார்த்த அதே 'கொள்'. அந்த 'காபெரே' பிரெஞ்சுக்குள் போய் நார்மண்டி வட்டார வழக்கில் 'கேட்ச்' ஆகவும் பாரிஸ் பக்கத்து வழக்கில் 'சேஸ்' ஆகவும் பிரிந்து, இரண்டுமே இங்கிலாந்து வந்து சேர்ந்தன. ஆக, ஹேவ், கேட்ச், சேஸ், ரிசீவ், அக்செப்ட் என்று தூரத்து உறவினர்கள் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல்.

படி 8: ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுப் பழகுங்கள்

கைக்குக் கிடைக்கும் எந்த அறிவிப்பையும் எடுங்கள். உதாரணத்துக்கு: 'ப்ளீஸ் கம்ப்ளீட் த ஃபார்ம் அண்ட் ரிடர்ன் இட்'.

வினைகளைக் கோடிடுங்கள். 'கம்ப்ளீட்', முன்னொட்டு 'கான்', எனவே லத்தீன். முழுக்க நிரப்பு என்று பொருள். 'ரிடர்ன்' என்பதில் 'ரீ' லத்தீன், 'டர்ன்' மிகப் பழைய லத்தீன் கடன். இப்போது வீட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்: 'ஃபில் இன் த ஃபார்ம் அண்ட் கிவ் இட் பேக்'. 'கம்ப்ளீட்' போய் அதன் ரத்த உறவான 'ஃபில்' வந்திருக்கிறது; முன்னால் ஒட்டியிருந்த திசைகள் இரண்டும் பின்னால் போய் நின்றுவிட்டன. 'ஃபார்ம்' லத்தீன், அன்றாடப் பேச்சில் அதற்குப் பதில் வைக்க ஜெர்மானியச் சொல் இல்லை. 'ப்ளீஸ்' என்பதும் லத்தீனில் 'மகிழ்வி' என்ற வினையின் வழி வந்ததுதான். அதையும் விரட்டிவிட்டு வாக்கியத்தை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள்: கேட்பவருக்கு அது அதட்டலாக விழும்.